தனலட்சுமி வாய் திறக்காத ஒரு மணி நேரம்

மொரீஷியஸ் தீவின் கரும்புத் தோட்ட ஊரான கான் தெ மாஸ்க்கில் தனலட்சுமியைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். கெட்ட வாய் இல்லை, ஓயாத வாய். காலையில் குழாயடியில் திறந்தால் ராத்திரி விளக்கை அணைக்கும்வரை மூடாது. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் தான் முழுசாகச் சொல்லி முடித்த வாக்கியங்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம் என்பான் அவள் புருஷன் மருதை. அப்படிப்பட்டவள் 1965ஆம் வருஷம் கரும்பு வெட்டுக் காலத்தில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஒரு சொல் பேசாமல் இருந்தாள். பேசியே ஆகவேண்டிய நேரம் அது. இருந்தும் பேசவில்லை.

அவளுக்குப் பிள்ளை இல்லை. ஒரே வளவில் பக்கத்து வீடு அவள் அண்ணன் சின்னனுடையது. அண்ணனும் அண்ணி கோவிந்தம்மாவும் தோட்ட வேலைக்குப் போய்விட்டால் அவர்கள் மகள் பொன்னம்மா அத்தையின் பொறுப்பு. கோவிந்தம்மா அதிகம் பேசுகிறவள் இல்லை. விடிகாலையில் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று, "பார்த்துக்க தனம்" என்பாள், போய்விடுவாள். அந்த இரண்டு சொல் தனலட்சுமிக்குப் பெருமையிலும் பெருமை. ஊரில் எத்தனை பேரிடம் ஒரு பிள்ளையை அப்படி மறுபேச்சில்லாமல் ஒப்படைப்பார்கள்?

பொன்னம்மாவுக்கு எட்டரை வயது. அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் இருந்த கெட்ட பழக்கம் அவளுக்கும் இருந்தது. கரும்பு ஏற்றிய லாரி வளைவில் வேகம் குறைந்ததும் பின்னால் ஓடி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கரும்பைப் பிடித்து உருவுவது. வந்தால் கரும்பு, வராவிட்டால் சிரிப்பு. அன்றைக்கு அவள் பிடித்த கரும்பு மேலே கட்டியிருந்த சங்கிலிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. லாரி இழுக்க, இவள் இழுக்க, கரும்பு வில்லாக வளைந்தது. பிடி நழுவியதும் சுளீரென்று திரும்பி வாயில் அடித்தது.

ஒன்றரை மணி இருக்கும். தனலட்சுமி முற்றத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மோவாயெல்லாம் ரத்தமாகப் பிள்ளை வந்து நின்றாள். அழவில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினாள், நடுவில் ஒரு பல்.

"ஐயோ என் தங்கமே!" என்று தனலட்சுமி போட்ட சத்தத்தில் கோழிகள் சிதறி ஓடின. வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கச் செய்து துடைத்துப் பார்த்தாள். மேல்வரிசை முன்பல் ஒன்று இருந்த இடம் காலி. உதடு வீங்கியிருந்தது. வேறு ஒன்றும் உடையவில்லை. உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. "பல்லுதானே! இதுக்குப் போயா? பயப்படாத, இந்தா, அத்தை இருக்கேன்!"

அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் இந்தக் கதைக்கே காரணம். பிள்ளைக்குப் பல் விழுந்தால் கூரையில் எறியவேண்டும், எலி அதை வாங்கிக்கொண்டு புதுப் பல் தரும். முறைப்படி சாணி உருண்டைக்குள் வைத்து எறியவேண்டும். மாட்டை விற்றபிறகு வெறும் பல்லே போதும் என்று ஆகிவிட்டது. பொன்னம்மாவின் பல் எது ஆடினாலும் விழுந்தாலும் எறிகிற உரிமை அத்தைக்கு. இதுவரை ஐந்து எறிந்திருக்கிறாள். அந்தப் பழக்கத்தில், ஒரு கணம்கூட யோசிக்காமல், பிள்ளையின் கையிலிருந்து பல்லை எடுத்தாள், முற்றத்தின் நடுவே போய் நின்றாள், பலமெல்லாம் சேர்த்து வீசினாள்.

"எலியே எலியே, பழசை வச்சுக்க, புதுசைக் கொண்டா!"

பல் தகரத்தில் டங்கென்று பட்டு, உச்சியைத் தாண்டி, அந்தப் பக்கம் எங்கோ உருண்ட சத்தம் கேட்டது. பொன்னம்மா ரத்த வாயோடு சிரித்துவிட்டாள். அத்தையும் சிரித்தாள். எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருந்தது.

கோழிகள் ஓடிய சத்தத்துக்கு வேலியோரம் எட்டிப் பார்த்தவள் ஊகெட். பக்கத்து வளவுக்காரி. பீனிக்ஸ் டவுனில் ஒரு பல் டாக்டரிடம் ஆறு வருஷமாக உதவியாளாக வேலை செய்கிறாள். படுக்கையில் கிடக்கும் அம்மாவைப் பார்க்க வாரக் கடைசியில் வருவாள். ரத்தத்தைப் பார்த்ததும் வேலியைத் தாண்டி வந்து, பிள்ளையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"பல்லு எங்கே?"

"கூரையில."

"கூரையிலயா? எதுக்கு?"

"எதுக்குன்னா? எங்க வழக்கம். விழுந்த பல்லைக் கூரையில போட்டா புதுசு முளைக்கும். எனக்கு முளைக்கலையா, எங்க அண்ணனுக்கு..."

"தனம்! இது முளைச்ச பல்லு! பால்பல்லு விழுந்து இந்த இடத்துல முளைச்சாச்சு. இன்னொரு தடவை எங்கேயிருந்து முளைக்கும்?"

தனலட்சுமிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன தீபாவளிக்கு முந்தின வாரம். இதே முற்றம், இதே பிள்ளை, இதே இடத்துப் பல். அவளே எறிந்தாள். அவளே அந்த எலிக்கு அந்தப் பாட்டைப் பாடினாள். அப்புறம் வெள்ளையாக, அகலமாக, ஓரம் ரம்பம் மாதிரி நெளிநெளியாக ஒரு பல் முளைத்ததை ஊரெல்லாம் கூப்பிட்டுக் காட்டியதும் அவளேதான்.

"அப்போ பிள்ளை... ஆயுசுக்கும் இப்படியேவா?"

"டாக்டர் திருப்பி வைப்பார். நான் பார்த்திருக்கேன், மூணு பிள்ளைக்கு வச்சார். ஆனா ஒரு மணி நேரத்துக்குள்ள போகணும். வேர் காய்ஞ்சா போச்சு. இந்த வெயில்ல, தகரத்துல..." ஊகெட் கையைப் பிசைந்தாள். "வீத், தனம், வீத்! சீக்கிரம்! சனிக்கிழமை மூணு மணிக்குக் கதவைச் சாத்திடுவார்!"

மருதை ஏணியைக் கொண்டுவருவதற்குள் தனலட்சுமி தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி, சேலையைத் தூக்கிச் செருகி, பாதிக் கூரைக்குப் போய்விட்டாள். கரோல் புயல் பழைய கூரையைப் பிய்த்துக்கொண்டு போனபிறகு போட்ட தகரம் அது. நடு மத்தியானத்தில் ரொட்டி சுடலாம். உள்ளங்கை பொரிந்தது. ஊகெட் கீழே பிள்ளையை உட்காரவைத்து, சுத்தமான துணியை மடித்துக் கொடுத்து, ஈறின்மேல் வைத்துக் கடித்துக்கொள்ளச் சொன்னாள். மருதை ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு, "பார்த்து, பார்த்து" என்றான். அன்றைக்கு அவன் முழுசாகச் சொல்லி முடித்தது அதுதான்.

"கிடைச்சிருச்சு!" என்று மேலேயிருந்து ஒரு கூவல்.

"வேர் இருக்கா? நீளமா?"

"இல்ல. சின்னது. பழுப்பா இருக்கு."

"அது பழசு! பால்பல்லு! இன்னும் தேடு!"

தகரத்தின் பள்ளங்களில் வரிசையாகக் கையால் துழாவிக்கொண்டே போனாள். இன்னொன்று கிடைத்தது. அதுவும் பழசு. எந்த எலியும் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினாள். ஒரு ஆணித்தலையின் அடியில், அடைந்து கிடந்த கரும்புச் சருகின்மேல், நீளமான வேரோடு வெள்ளைவெளேர் என்று கிடந்தது. சருகு நிழல் கொடுத்திருந்தது. வேரில் ரத்தம் இன்னும் முழுசாகக் காயவில்லை.

"இதுதான்! இதுதான்! வேரோட இருக்கு!"

"வேரைத் தொடாதே! தலைப் பக்கம் பிடி! தேய்க்காதே!" ஊகெட் வீட்டைச் சுற்றி ஓடிவந்து கத்தினாள். "வாயில போட்டுக்க! கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல! பிள்ளை வாயில வச்சா அழற அழுகையில முழுங்கிடும். நீ வச்சுக்க. எச்சில்ல ஈரமா இருக்கட்டும். டாக்டர் எடுக்கச் சொல்றவரைக்கும் வாயைத் திறக்காதே!"

தனலட்சுமி போட்டுக்கொண்டாள். உப்பும் இரும்புமாக ஒரு ருசி. வாயை மூடினாள்.

அந்தக் கணத்தில் வேலிப் படலைத் திறந்துகொண்டு கோவிந்தம்மா வந்தாள். சீனன் கடைப் பை ஒரு கையில், அரிசி மறு கையில். மகள் வாயில் ரத்தத் துணி, நாத்தனார் கூரைமேல். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். ஊகெட் நாலு வார்த்தையில் விஷயத்தைச் சொன்னாள்.

"கூரைக்கு யாரு எறிஞ்சது?" என்றாள் கோவிந்தம்மா.

'நான் அண்ணி, பாவி நான்தான்' என்பது தனலட்சுமியின் தொண்டைவரை வந்துவிட்டது. உதடு பிரிவதற்குள் ஊகெட், "திறக்காதே!" என்று அலறினாள். அந்த இடைவெளியில் பொன்னம்மா துணிக்கு நடுவிலிருந்து சொன்னாள்: "நான்தாம்மா எறிஞ்சேன்."

கோவிந்தம்மா மகளைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். "சரி, வா" என்றாள்.

ஊகெட் சீனன் கடைக்கு ஓடினாள், டெலிபோன் செய்து டாக்டரை நிறுத்திவைக்க. தனலட்சுமி கூரையிலிருந்து இறங்கியதும் இவர்கள் மூன்று பேரும் சாலைக்கு ஓடினார்கள். பீனிக்ஸ் பக்கம் போகும் பஸ் புறப்பட்டு நகர்ந்துகொண்டிருந்தது. கோவிந்தம்மா நடுரோட்டில் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றாள். டிரைவர் கிரியோலில் தனக்குத் தெரிந்த எல்லாக் கெட்ட வார்த்தைகளையும் சொன்னான். பஸ் நின்றது.

பஸ் நிறைய ஜனம். சுதந்திரம் வேண்டும் என்று பாதிப் பேர், அவசரம் என்ன என்று மீதிப் பேர், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். மற்ற நாளாக இருந்தால் இரண்டு கட்சிக்கும் தனலட்சுமி பதில் வைத்திருப்பாள். கண்டக்டர் வந்து எங்கே போகவேண்டும் என்று கேட்டான். அவள் உம்மென்று இருந்தாள்.

"என்ன தனம், வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றான்.

கோவிந்தம்மா டிக்கெட் வாங்கினாள். முன் சீட்டிலிருந்து கோவிலில் உடுக்கை அடிக்கும் பழனியாண்டி திரும்பிப் பார்த்தார். தனலட்சுமி பேசாமல் வருகிறாள் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினார். "மௌன விரதமா, தாயே? காவடிக்கு இன்னும் நாள் கிடக்கே. ஏதாவது பெரிய வேண்டுதலா?"

"விரதமாவது ஒண்ணாவது, கன்னத்தைப் பாருங்க" என்றாள் பக்கத்துக் கிழவி. "பல்வலி. கிராம்பை வச்சுக் கடி, தங்கச்சி."

"கிராம்பு என்ன செய்யும்? ஒரு மடக்கு ரம், விழுங்காம வச்சிருக்கணும்." சொன்ன பின்சீட்டுக்காரர் பாட்டிலையே எடுத்து நீட்டிவிட்டார். தனலட்சுமி தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள். ஆட்டினால் பல் நகர்கிறது என்று தெரிந்ததும் அதையும் நிறுத்தினாள்.

கோவிந்தம்மாவுக்கு வேறு வழி இல்லை, வாயில் இருப்பது கூரையில் தேடி எடுத்த பிள்ளையின் பல் என்று சொன்னாள்.  அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் டிரைவரைப் பார்த்துக் கத்தினார்கள்: "வேகமா போப்பா! பல்லு காயுது!" டிரைவர் முதலில் திரும்பிப் பார்த்தான், பிறகு ஆக்சிலேட்டரை மிதித்தான். நடுவில் இரண்டு நிறுத்தத்தில் இறங்கவேண்டியவர்கள்கூட இறங்கவில்லை, திரும்பி நடந்துகொள்கிறோம் என்றார்கள். சுதந்திரக் கட்சியும் எதிர்க்கட்சியும் முதல் தடவையாக ஒரே பக்கம் நின்றன.

ஒரு வளைவில் மாட்டு வண்டி குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக்கை அழுத்தினான். பஸ் முழுக்க முன்னால் சாய்ந்தது. நிமிர்ந்தபோது தனலட்சுமியின் கன்னத்தில் பல் இல்லை.

 நாக்கால் இந்தப் பக்கம் தேடினாள், அந்தப் பக்கம் தேடினாள். விழுங்கிவிட்டாளா? ஒரு கணம் முன்னால் எச்சில் விழுங்கியது ஞாபகம் வந்தது. தன்னை நம்பி ஒப்படைத்த பிள்ளையின் பல்லைக் கூரையில் எறிந்தது போதாதென்று தின்றும் தொலைத்தாளா? கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் நாக்கின் அடியில் ஏதோ குத்தியது. அங்கே இருந்தது. மெதுவாக, மெதுவாக, அதைக் கன்னத்துக்குத் தள்ளினாள். வேர்வை ஆறாக வழிந்தது.

அதோடு முடியவில்லை. கிராம்புக் கிழவி பொன்னம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, நல்ல பல்லைத் தூக்கி யாராவது கூரையில எறிவாங்களா? எட்டு வயசுக்கு அறிவு வேண்டாம்? உங்கம்மா வெயில்ல கரும்பு வெட்டிட்டு வந்தா இப்படியா?"

பொன்னம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியாம எறிஞ்சுட்டேன் ஆயா" என்றாள். வாய் வலியில் சொல் குழறியது. மடியில் ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்தது. அத்தை பக்கம் அவள் திரும்பவே இல்லை.

தனலட்சுமிக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. வாழ்க்கையில் வேண்டியது வேண்டாதது எல்லாம் பேசியிருக்கிறாள். பேசவேண்டிய ஒரே ஒரு வாக்கியம் இப்போது இருக்கிறது, அதைச் சொன்னால் பல் போய்விடும். சொல்லாவிட்டால் பிள்ளை பழியைச் சுமக்கிறது. அவள் கையைத் தூக்கித் தன் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். நான், நான். கிழவிக்குப் புரியவில்லை. கோவிந்தம்மா அந்தக் கையைப் பிடித்து மடியில் அழுத்தினாள். "பேசாம வா" என்றாள். இறங்கும்வரை அந்தப் பிடியை விடவில்லை. கோபம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் தனலட்சுமி.

பீனிக்ஸில் பீர் தொழிற்சாலையின் புளித்த வாசனை வந்ததும் டிரைவர் நிறுத்தத்தைத் தாண்டி, கேட்காமலே டாக்டர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். டாக்டர் ஜான்-மார்க் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு படியில் நின்றிருந்தார். ஒல்லியான, முடி நரைத்த மனிதர். "எவ்வளவு நேரமாச்சு?" என்பதுதான் அவர் முதல் கேள்வி.

"ஒரு மணி பத்து நிமிஷம்" என்றாள் கோவிந்தம்மா.

அவர் ஒரு கிண்ணத்தில் உப்புநீரை ஊற்றித் தனலட்சுமியின் மோவாய்க்குக் கீழே பிடித்தார். அவள் வாயைத் திறந்தாள். பல் கிண்ணத்தில் விழுந்து கிணுங்கென்றது. பக்கத்தில் நின்ற கண்டக்டர் கைதட்டினான். பஸ் ஜன்னல்களிலிருந்தும் கைதட்டல் வந்தது. டாக்டர் வேரைத் தொடாமல் பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஈரமா இருக்கு. நல்லது" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார்.

பல் நின்றதா என்று கேட்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். டாக்டர் ஊசி போட்டு, குழியைக் கழுவி, பல்லைச் செருகி, இரண்டு பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் கட்டினார். நிற்கும் என்று சத்தியம் செய்யமாட்டேன், பின்னால் கருக்கலாம், என்றார். பத்து நாள் கஞ்சியும் கூழும்தான். கம்பியை எடுத்தபோது பல் அசையவில்லை. கொஞ்சம் நிறம் மங்கியது, அவ்வளவுதான். தேசம் சுதந்திரம் வாங்கிக் கொடி ஏற்றிய அன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வரிசையில் நின்ற பொன்னம்மா அந்தப் பல்லோடுதான் சிரித்தாள்.

ஆனால் அன்றைக்கு இது யாருக்கும் தெரியாது. வெளி அறையில் நாத்தனாரும் அண்ணியும் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து ஒரு சின்ன முனகலும் கருவிகளின் சத்தமும் வந்தன. தனலட்சுமியின் வாய் இப்போது காலி. பேசலாம். பேசாமலும் இருந்துவிடலாம். பிள்ளை தானாக ஏற்றுக்கொண்டது, அண்ணி 'சரி' என்றும் சொல்லிவிட்டாள், ஊகெட்டும் மருதையும் தாங்களாகப் போய்ச் சொல்கிறவர்கள் இல்லை. இனிமேல் அண்ணி பிள்ளையை விட்டுப் போகாமல் இருந்துவிட்டால்? காலையில் வாசலில் அந்த இரண்டு சொல் இல்லாமல் போய்விட்டால்?  வீதியில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

"அண்ணி" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "பிள்ளை எறியல. நான்தான் எறிஞ்சேன். பால்பல்லுன்னு நினைச்சு... நினைக்கக்கூட இல்ல, சும்மா எறிஞ்சுட்டேன். பஸ்ல அந்தக் கிழவி அவளைத் திட்டறப்போ நான் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன்."

கோவிந்தம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் கிடந்துச்சாமே. எட்டு வயசுக் கை அங்க வரைக்கும் எறியுமா? உன் மூஞ்சியைப் பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு."

"அப்போ ஏன் அண்ணி ஒரு வார்த்தை கேட்கல? பஸ்ல என் கையைப் பிடிச்சு அழுத்தினீங்களே, நான் கோபம்னுல்ல..."

"கோபந்தான்! என்ன கோபம்னு உனக்குத் தெரியாது!" கோவிந்தம்மாவின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. உதடு துடித்தது. "அந்தப் பிள்ளை பொய் சொல்லிப் பேச்சு வாங்குது, பெத்தவ நான் பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக்கிட்டு வரேன். கேட்டிருந்தா நீ பதில் சொல்லாம இருப்பியா, தனம்? உன்னை எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை நான் கேட்டிருந்தா நீ வாயைத் திறந்திருப்ப. என் பிள்ளை பல்லு போயிருக்கும்."

தனலட்சுமி அழ ஆரம்பித்தாள். கோவிந்தம்மா எழுந்து வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள், தலைத்துணியை அவிழ்த்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள், துடைத்துக்கொண்டே திட்டத் தொடங்கினாள். கூரையைச் சொல்லி, எலியைச் சொல்லி, கரும்பு லாரியைச் சொல்லி, பதினோரு வருஷமாகச் சேர்த்துவைத்திருந்ததையெல்லாம் சொல்லி. திரும்பும் பஸ்ஸிலும் திட்டினாள். இருட்டுகிற நேரத்தில் கான் தெ மாஸ்க்கில் இறங்கும்வரை நிறுத்தவில்லை. தூங்கிப்போன பொன்னம்மாவை மடியில் வைத்துக்கொண்டு தனலட்சுமி அத்தனையையும் கேட்டாள், ஒரு பதிலும் சொல்லவில்லை.